தோட்டம் என்றொரு சொல்

கா, பொழில், சோலை, தண்டலை, நந்தவனம், பூங்கா, தோப்பு. மரம் நிற்கும் இடத்திற்குத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்று முதலாண்டு மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிக்காட்டுவது என் வழக்கம். தானாக வளர்ந்தது எது, மனிதக் கை பட்டது எது, இறைவனுக்குப் பூப்பறிக்க வைத்தது எது என்று பிரித்துச் சொல்வேன். அந்தப் பட்டியலில் ‘தோட்டம்’ என்பதையும் சேர்த்து, ‘வீட்டை ஒட்டிக் காய்கனிகளும் மலர்களும் வளர்க்கும் இடம்’ என்று பொருள் சொல்லி நகர்ந்துவிடுவேன். இப்படிச் சொல்லும் நான், பிறந்தது முதல் அச்சொல்லை வேறு பொருளில் கேட்டு வளர்ந்தவன் என்பது வகுப்பறையில் ஒருநாளும் எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

எங்கள் வீட்டில் ‘தோட்டத்துல இருந்தப்ப’ என்று அப்பா பேச்சைத் தொடங்கினால் அது இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், மத்துகமையைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டைக் குறிக்கும். அந்தத் தோட்டத்தில் பூ கிடையாது. லயம் உண்டு, பிரட்டுக்களம் உண்டு, கங்காணி உண்டு, துரை உண்டு. விடியுமுன் தப்பு அடித்து எழுப்புவார்கள். பிரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு ‘அரைப் பேர்’ போடுவார்கள். ஒரு நாள் கூலிக்கு அங்கே ‘ஒரு பேர்’ என்று பெயர். அரைப் பேர் என்றால் அன்றைக்கு அவன் பாதி மனிதன் என்று நான் சிறுவயதில் புரிந்துகொண்டிருந்தேன். பெரிய பிழையான புரிதல் என்று இப்போதும் தோன்றவில்லை.

அப்பா பிறந்தது 1954இல். பிறந்தபோதே அவர் எந்த நாட்டுக் குடிமகனும் அல்லர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது; மிஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். (பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மாடுகளைக்கூட இதைவிட விவரமாக எழுதுவார்கள்.) அப்பா இந்தியாவின் பங்கில் வந்தார். 1973இல், பத்தொன்பது வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். தாய்நாடு என்று சொல்லி அனுப்பப்பட்ட நாட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். பிறகு குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில், வனத்துறை வளர்த்த ரப்பர்க் காட்டில் வேலை கிடைத்தது. 1984இல் அது அரசு ரப்பர் கழகமாயிற்று. நாடு மாறியது, மரமும் கத்தியும் விடியற்காலையும் மாறவில்லை. நான் அந்தக் குடியிருப்பில் வளர்ந்து, பள்ளி முடித்து, தமிழ் முதுகலை படித்து, மதுரையில் விரிவுரையாளன் ஆனேன்.

மதுரையில்தான் ஜெஃப்ரி பாவாவை அறிந்தேன். கோச்சடையில், பெரிய ஆலமரங்களுக்கிடையே, 1970களில் அவர் வடிவமைத்த மதுரைக் கிளப் கட்டடம் இன்று ஒரு விடுதியின் பகுதியாக இருக்கிறது. நண்பர் ஒருவரின் மகள் திருமண வரவேற்புக்காக அங்கே போயிருந்தேன். மரங்களை வெட்டாமல், அவற்றின் நிழலைக் கட்டடத்தின் ஓர் அறையைப்போல எண்ணிக் கட்டியிருந்த விதம் என்னை நிறுத்திவிட்டது. பந்தியைக்கூட மறந்து தூண்களுக்கிடையே திரிந்துகொண்டிருந்தேன். இதைக் கட்டியவர் யார் என்று தேடத் தொடங்கி, அவர் தமக்கெனச் செய்துகொண்ட லுனுகங்காவின் படங்களில் வந்து நின்றேன். ஐந்தாறு ஆண்டுகள் அப்படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஏரியை நோக்கிச் சரியும் புல்வெளி, தரையைத் தொடுமாறு வளைந்த ஒரு மரம், தொலைவில் வெள்ளையாய் ஒரு விகாரைக் குவிமாடம்.

2024 சனவரியில் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. அப்பாவையும் அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தேன். ஐம்பதாண்டுகளாக அவர் அங்கே திரும்பிப் போனதில்லை. அம்மா இருந்தவரை பேச்செடுத்ததும் இல்லை. கருத்தரங்கு முடிந்த மறுநாள் ஒரு முழு நாள் எங்களுக்கு இருந்தது. காலையில் லுனுகங்கா, பிற்பகலில் அப்பாவின் தோட்டம். இரண்டும் ஒரே பக்கம்தான். பெந்தோட்டையிலிருந்து மத்துகமைக்கு ஒரு மணி நேரம் போதும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அந்த வரிசையை எழுதியவன் நான் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “இவ்வளவுதானா?” என்றார் அப்பா.

பெந்தோட்டையை விட்டு உள்ளே திரும்பியதும் சாலையோரம் ரப்பர் மரங்கள் தென்பட்டன. சனவரி என்பதால் இலைகள் செம்பழுப்பாகி உதிரத் தொடங்கியிருந்தன. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, யாரிடமும் கேளாமல் ஒரு மரத்தருகே போய், பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கிய வெட்டை விரலால் தடவினார். சிரட்டையில் காலையில் வடிந்த பால் எடுக்கப்பட்டு, அடியில் ஒட்டுப்பால் காய்ந்திருந்தது.

“வெட்டு ஆழம் போயிருக்கு. காயம்பட்ட மரம் இது. அவசரக்காரன் எவனோ.”

பால் வெட்டுபவன் கத்தியைப் பட்டையின் உள்ளே, மரத்தைத் தொட ஒரு நூலிழை இருக்கும்போதே நிறுத்த வேண்டும். அந்த நூலிழையில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. அங்கே கத்தி பட்டால் பட்டை மறுபடி வழவழப்பாக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். அதுவும் வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் ஓடுவது குறைந்துவிடும். ஏறத்தாழ முந்நூறு மரம், ஒவ்வொன்றிலும் அந்த நூலிழைக் கணக்கு, இருட்டில், நெற்றியில் விளக்குடன். என் அப்பா இதை நாற்பதாண்டுகளுக்கு மேல் செய்தார். அவரைவிட நுட்பமாகக் கை வேலை செய்யும் ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதை நுட்பம் என்று நான் சொல்லத் தொடங்கியது மிகப் பிந்தித்தான்.

லுனுகங்கா என்றால் சிங்களத்தில் உப்பாறு. நம்மூரிலும் எத்தனை உப்பாறுகள்! டச்சுக்காரர் காலத்தில் கறுவாத் தோட்டமாகவும், ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர்த் தோட்டமாகவும் இருந்த நிலம் இது. தெத்துவ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடு. ஏறத்தாழ 25 ஏக்கர். பாவா இதை வாங்கியபோது அவர் கட்டடக் கலைஞர் அல்லர். கேம்பிரிட்ஜில் படித்து இலண்டனில் சட்டம் முடித்து, வழக்கறிஞர் தொழிலில் ஒட்டாமல் உலகைச் சுற்றிவிட்டு, இத்தாலியில் ஓர் ஏரிக்கரை மாளிகையை வாங்க எண்ணி அது கைகூடாமல் ஊர் திரும்பியவர். கிடைக்காத இத்தாலியத் தோட்டத்தைத் தம் நாட்டிலேயே உண்டாக்கிக்கொள்வதென்று இறங்கினார். அப்படி இறங்கியபோதுதான் தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதவில்லை என்று உணர்ந்து, மீண்டும் இலண்டன் சென்று படித்து, 1957இல், 38ஆம் வயதில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். இலங்கையின் நாடாளுமன்றக் கட்டடம் வரை நீண்ட ஒரு வாழ்க்கைக்கு இந்த மேடுதான் பள்ளிக்கூடம். அவருடைய அண்ணன் பெவிஸும் சிறிது தொலைவில் ‘பிரீஃப்’ என்ற தம் ரப்பர் நிலத்தைத் தோட்டமாக்கிக்கொண்டிருந்தார். சகோதரர்கள் இருவருமே ரப்பரை வெட்டித்தான் அழகைத் தொடங்கினார்கள்.

வழிகாட்டி இளைஞர் நன்றாகப் பேசினார். வடக்கு மேடையிலிருந்து தொடங்கினோம். நான் ஆண்டுக்கணக்காகப் படத்தில் பார்த்திருந்த வளைந்த மரம் எதிரே நின்றது. சிங்களத்தில் அரலிய, தமிழில் இதற்கு ஈழத்தலரி என்று பெயர் உண்டு என்று அப்பாவிடம் சொன்னேன். கிளைகளில் எடைக் கற்களைத் தொங்கவிட்டுப் பல ஆண்டுகள் பொறுத்திருந்து இந்த வளைவைப் பாவா உண்டாக்கினார் என்றார் இளைஞர். அப்பா கீழே கிடந்த ஒரு காம்பை எடுத்து ஒடித்தார். வெண்ணிறப் பால் துளிர்த்தது.

“இதுலயும் பால் இருக்கு தம்பி. ஒண்ணுக்கும் ஆகாது.”

ஈழத்தலரியும் ரப்பரும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ரப்பர், பிரேசிலில் திரட்டிய விதை இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. ஒன்று கோயில் பூவாகி இங்கேயே பிறந்ததுபோல ஆகிவிட்டது. மற்றொன்று இன்றும் தொழிற்சாலைச் சரக்கு.

தோட்டத்தின் உச்சம் தெற்குப் பக்கக் காட்சி. வீட்டின் முன்னால் நின்று பார்த்தால் புல்வெளி மெல்லத் தாழ்ந்து, மறுபடி எழுந்து, சினமன் ஹில் என்னும் குன்றாகிறது. குன்றின் மேல் ஒரு மகிழமரம். அதன் கீழே ஒரு பெரிய சீனத்து ஜாடி. அதற்கும் அப்பால் ஏரியின் ஒரு கீற்று. அதற்கும் அப்பால் கட்டகுலிய விகாரையின் வெள்ளைக் குவிமாடம். எல்லாம் ஒரே கோட்டில். இயற்கையாகவே அமைந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஆனால் அந்தக் குன்றின் முதுகை வெட்டித் தாழ்த்தினால்தான் ஏரி தெரியும் என்று கண்டு, தாழ்த்தி, மரங்களை நீக்கி உண்டாக்கிய காட்சி அது. இரண்டு மேடுகளுக்கும் நடுவே ஊர்ச்சாலை ஒன்று குறுக்கே போகிறது. வீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. சாலை பள்ளத்தில் ஓடுகிறது, பக்கச்சுவர் மறைத்துவிடுகிறது. மாட்டுவண்டியும் மிதிவண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் காட்சிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என்னை யாரும் இவ்வளவு அமைதியாக ஏமாற்றியதில்லை என்று எண்ணி மகிழ்ந்தேன். இப்போதும் அந்த மகிழ்ச்சியை மறுக்க மாட்டேன்.

இந்தப் பள்ளச்சுவர் உத்தி பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பண்ணைப் பூங்காக்களில் பரவலாகக் கையாளப்பட்டது. மாளிகைப் புல்வெளிக்கும் மேய்ச்சல் நிலத்திற்கும் நடுவே வேலி தெரியக்கூடாது. ஆனால் மாடு உள்ளே வந்துவிடவும் கூடாது. இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. டார்செட்டின் மில்டன் ஆபியில் மில்டன் பிரபு என்பவர் மாளிகைக்கு அருகே இருந்த ஊரையே 1780 வாக்கில் இடித்து, கண்ணுக்கு எட்டாத பள்ளத்தாக்கில் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். பாவா எந்த ஊரையும் இடிக்கவில்லை. ஒரு சாலையைத் தம் கண்ணிலிருந்து மறைத்தார், அவ்வளவே. அந்தச் சாலையில் இன்றும் ஊரார் போய்வருகிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது.

ஆயினும் வழிகாட்டி மணிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஒலி. எந்த மணி ஒலிக்கிறது என்பதை வைத்து ஐயா எங்கே உட்கார்ந்திருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று பணியாளர் அறிந்துகொள்வார்களாம். அழகான ஏற்பாடு. படித்தபோது நானும் இரசித்திருந்தேன். இளைஞர் ஒரு மணியை இழுத்துக்காட்டினார். அப்பா சட்டென்று நிமிர்ந்து நின்றார். எழுபது வயது உடம்பு ஓர் ஒலிக்கு அப்படி நிமிர்வதை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு தாமே சிரித்துக்கொண்டு, “மணிச் சத்தம் கேட்டா நமக்குக் கால் நிக்காது” என்றார்.

அங்கிருந்து அவர் காட்சிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். புல்லைப் பார்த்தார். ஓரம் கட்டிய விதத்தைப் பார்த்தார். சுவரில் பாசியை எவ்வளவு விட்டிருக்கிறார்கள், எங்கே சுரண்டியிருக்கிறார்கள் என்று பார்த்தார். இரண்டு பருவ மழையும் பெய்யும் நிலம் அது. ஓர் ஆண்டு கைவிட்டால் காடு திரும்பி வந்துவிடும். “இந்தப் புல்லு தானா இப்பிடி நிக்காது. எத்தன பேரு வேலைக்கு வாராங்கன்னு கேளு” என்றார். நான் ஆங்கிலத்தில் கேட்பதற்குள், வேலியோரம் சருகு வாரிக்கொண்டிருந்த முதியவரிடம் அவரே சிங்களத்தில் கேட்டுவிட்டார். ஐம்பதாண்டுகளாக எங்கள் வீட்டில் ஒலிக்காத ஒரு மொழி அப்பாவின் வாயிலிருந்து தடையின்றி வந்தது. முதியவர் வாரியலைச் சாய்த்துவைத்துவிட்டுச் சிரித்தார். எத்தனை பேர் வந்தாலும் போதாது என்று சொன்னாராம்.

இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். முதியவர் அப்பாவை “ஐயா” என்று அழைத்தது எனக்கு உறுத்தியது. வாரியலோடு நிற்கும் ஒருவர் என் தந்தையை ஐயா என்பதா? பிறகு கேட்டபோது அப்பா விளக்கினார். சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். மொழியாசிரியனாகிய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் அன்று கற்றேன். அவர்கள் பேச்சில் ‘வத்த’, ‘வத்த’ என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. வீட்டுத் தோட்டமும் வத்த. ரப்பர் எஸ்டேட்டும் வத்த. இந்த லுனுகங்காவும் வத்த. தமிழில் உள்ள அதே குழப்பம் பக்கத்து மொழியிலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில்கூட மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தம் நெடுங்கவிதைக்கு இட்ட தலைப்பில் ‘டீ கார்டன்’ என்றுதான் இருக்கிறது. தமிழில் அது ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்றாயிற்று. பூங்காவுக்கும் பிரட்டுக்களத்துக்கும் மூன்று மொழிகள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பது வறுமையாலா, அல்லது ஏதோ உண்மை தெரிந்துதானா? வகுப்பில் கேட்டால் சொல்ல என்னிடம் விடை இல்லை.

பாவா இந்த நிலத்தை வாங்கிய ஆண்டு 1948. என் தாத்தாவைச் சட்டம் நாடற்றவராக்கிய ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பாவாவின் மீது எனக்குக் குறையும் இல்லை. அவருடைய கட்டடங்களுக்கு நெடுங்காலம் தோள்கொடுத்த கூட்டாளி பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். ஆனால் ஓர் ஆண்டு ஒருவருக்கு நிலத்தைக் கொடுத்து, அங்கிருந்து சில மைல் தொலைவில் இன்னொருவரிடமிருந்து நாட்டை எடுத்துக்கொண்டது என்பது, அந்தப் புல்வெளியில் நின்றபோது வெறும் தற்செயல்போல எனக்குத் தோன்றவில்லை. கண்முன் இருந்த திறந்த வெளியெல்லாம் ரப்பர் நின்ற இடம். ரப்பர் நின்றதென்றால் விடியுமுன் யாரோ விளக்குடன் அங்கே நடந்திருப்பார்கள். வெட்டி விற்கப்போகும் மரத்தில் கடைசி ஆண்டு அளவு பாராமல் பாலை எடுப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார், அதன்பின் கோடரி. இந்தக் காட்சியில் இருந்து எடுக்கப்பட்டவற்றை ஒரு நிமிடம் திரும்ப வைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. தோட்டம் அவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தது.

நான் மறுபடி மறுபடி நடந்தேன். ஏரிக்கரைச் சிறுத்தைச் சிலை, கீழே வயல், நீர்த்தோட்டம், மறுபடி வடக்கு மேடை. சுற்று முடிந்தபின் உணவுக்கு அமர்ந்தோம். மூன்று மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். மாலை வெயிலில் சினமன் ஹில்லை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். அப்பா மறுக்கவில்லை. அவர் எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை. பாவா 1998இல் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 2003 மே மாதம் இறந்தபோது அவருக்கு எரியூட்டியது அந்தக் குன்றில்தான். நினைவுக்கல் போன்ற ஆரவாரம் எதுவும் இல்லை. மகிழமரத்தடியில் ஜாடிக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்தார். நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து வீடு எப்படித் தெரிகிறது என்று. பிறகு விகாரைப் பக்கம். ஒளி மஞ்சளாகி ஏரியில் இறங்கிற்று. இதற்காக இன்னும் பத்து நிமிடம் என்று நான் கேட்டது எத்தனை முறை என்று எண்ணவில்லை.

வண்டியில் ஏறியபோது ஐந்தரை மணி தாண்டியிருந்தது. எட்டு மணிக்கு வண்டியைக் கொழும்பில் ஒப்படைக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். மறுநாள் காலை எங்களுக்கு விமானம். “போயிட்டு உடனே திரும்பிடலாம்பா, பத்து நிமிஷம் பாத்தாலும் போதும்” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அப்பா பதில் சொல்லாமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மரங்களுக்கு நடுவே இருட்டு வந்துவிட்டிருந்தது.

அளுத்கமவில் மத்துகமைக்குப் பிரியும் இடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, என்னைப் பாராமல் அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டார். அப்பா, “கெளின் யன்ன” என்றார். வண்டி காலி வீதியிலேயே தொடர்ந்து போயிற்று.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நேரா போகச் சொன்னேன் தம்பி. இருட்டுல லயத்துல போயி என்னத்தப் பாக்க.”